ஒரே பாதரசம், இரண்டு கையுறைகள்

1889-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் புதிதாகத் திறந்திருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவை அரங்கின் செவிலி கரோலின் ஹாம்ப்டனுக்குக் கைகள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. அந்நாளில் அறுவைக்கு முன் கைகளை வரிசையாகச் சில கரைசல்களில் முக்கி எடுப்பார்கள். கடைசி முக்கு மெர்குரிக் குளோரைடு. நம் சித்த மருத்துவர்கள் 'வீரம்' என்று சொல்லும் பாஷாணம் அதுதான், தோலை அரிக்கும். வேலையையே விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார் ஹாம்ப்டன். அங்கிருந்த அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி, மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு ஜோடி செய்து வரவழைத்தார். கை ஆறியது. அடுத்த ஆண்டே இருவருக்கும் திருமணம். நோயாளியைக் கிருமியிடமிருந்து காப்பதற்கென்று நாம் நினைத்திருக்கும் அறுவைக் கையுறை, அந்த மருத்துவமனைக்குள் நுழைந்தது ஒரு பெண்ணின் கையைப் பாதரச உப்பிடமிருந்து காப்பதற்காக.

1996 ஆகஸ்ட் 14. அதே அமெரிக்காவில், டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், காந்த ஒத்ததிர்வுக் கருவிக்கு அளவுத்திட்டம் வைப்பதற்காக டைமெத்தில் மெர்குரியைச் சிறு குழாய் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்தான் வேலை. கையில் லேடெக்ஸ் கையுறை. சொட்டுக்குழாயின் நுனியிலிருந்து ஒரு சொட்டோ சில சொட்டுகளோ கையுறையின் மேல் விழுந்தன. வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றினார், கையைக் கழுவினார். உலோகங்கள் உடலுக்குள் செய்யும் கேடுதான் அவருடைய ஆய்வுத்துறை. அசட்டையாக வேலை பார்க்கும் ஆள் இல்லை. 1997 ஜனவரியில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. இரத்தத்தில் லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது; 200-ஐத் தொட்டாலே நஞ்சு என்பது மருத்துவர்களின் கணக்கு. சில வாரங்களில் நினைவிழந்தார். ஜூன் 8-ஆம் தேதி, 48 வயதில், இறந்தார். அவருடைய தலைமுடியை நீளவாக்கில் துண்டு துண்டாகச் சோதித்தபோது, பாதரசம் ஒரே ஒரு தடவை உடலுக்குள் போயிருப்பது தெரிந்தது. அந்த வகைக் கையுறையையும் சோதனைக்கு எடுத்துப் பார்த்தார்கள். டைமெத்தில் மெர்குரி அதைக் கடந்து மறுபுறம் வர 15 விநாடிகூட ஆகவில்லை.

இரண்டும் இயற்கை ரப்பர். இரண்டும் பாதரசச் சேர்மங்கள். ஒன்றில் கை பிழைத்தது, இன்னொன்றில் உயிர் போயிற்று. ரசாயனப் பாதுகாப்பு உடை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த இரண்டு கதைகளுக்கு இடையில் கிடக்கிறது. மெர்குரிக் குளோரைடு தண்ணீரில் கரையும் உப்பு. தண்ணீருக்கும் ரப்பருக்கும் ஆகாது; அதனால் அந்த உப்பு ரப்பரின் வெளித்தோலோடு நின்றுவிடும். டைமெத்தில் மெர்குரியோ எண்ணெயின் சுபாவம் கொண்டது. ரப்பரும் அடிப்படையில் நீண்ட சங்கிலிகளாக உள்ள ஒரு ஹைட்ரோகார்பன்தான். இனம் இனத்தோடு சேர்ந்தது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கட்டிப் பெருங்காயத்தைச் சாதாரணப் பாலிதீன் கவரில் முடிந்து அலமாரியில் வையுங்கள். கவரில் ஊசி முனையளவு ஓட்டை இருக்காது. ஆனாலும் மறுநாள் பக்கத்திலுள்ள சர்க்கரை டப்பாவைத் திறந்தால் பெருங்காயம் மணக்கும். மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் பாலிதீனின் உட்புறத்தில் கரைந்து, அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையில் நகர்ந்து, வெளிப்புறத்தில் ஆவியாகின்றன. இதை ஊடுபரவல் என்று சொல்லலாம். பாட்டிமார் பெருங்காயத்தைத் தகர டப்பாவில் வைத்ததன் வேதியியல் இதுதான்.

உடையை வேதிப்பொருள் தோற்கடிக்கும் வழிகள் மூன்று. ஒன்று, ஓட்டை, தையல், ஜிப் வழியாக நேரே உள்ளே வருவது. இரண்டாவது, உடையின் பொருளையே கெடுப்பது: உப்ப வைக்கும், இளக்கும், இறுக்கி நொறுக்கும். பிறந்தநாள் பலூனின் மேல் கமலா ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து பாருங்கள், படாரென்று வெடிக்கும். தோலிலுள்ள லிமோனின் எண்ணெய் ரப்பரை இளக்கிவிடுகிறது. மூன்றாவது, பெருங்காயத்தின் வழி. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டுப்படும். மூன்றாவதில் கையுறை புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். வெட்டர்ஹான் கழற்றிப் போட்ட கையுறையில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் இருந்திருக்காது.

ஊடுபரவலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மானிய உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் 1855-இல் எழுதிய பரவல் விதியிலிருந்து அது வருகிறது. ஒரு பொருள் தடுப்பைக் கடந்து மறுபுறம் தலைகாட்டப் பிடிக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. கையுறையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மருத்துவமனைகளில் பெட்டி பெட்டியாக வரும் கையுறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். விரல் உணர்ச்சி மங்காமல் இருப்பதற்காகச் செய்தது அது. அதைப் போட்டுக்கொண்டு கரைப்பான் கசிவைத் துடைக்கப் போவது, மல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்குவதுபோல.

ஆனால் தடிமனுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, எந்தப் பொருள் என்பது. இங்கே எல்லாவற்றுக்கும் பொதுவான நல்ல பொருள் ஒன்று இல்லை. நைட்ரைல் ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், டீசல், கிரீஸ், உலைஎண்ணெய் போன்றவற்றுக்குத் தாங்கும். எரிபொருள் குழாய்களுக்கு உள்வரியாகவே அதைப் போடுகிறார்கள். அதே நைட்ரைலின் மேல் அசிட்டோனை, அதாவது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருக்கும் அதே சரக்கை, ஊற்றினால் மெல்லிய கையுறை ஓரிரு நிமிடத்தில் தோற்றுவிடும். பெயின்ட் உரிக்கப் பயன்படும் டைகுளோரோமீத்தேனுக்கும் அதே கதை.

பியூட்டைல் ரப்பர் இதற்கு நேர் தலைகீழ். 1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் பிறந்தது. அது எப்படிப்பட்டது என்று தெரிய பஞ்சர் கடைக்குப் போனால் போதும். பழைய ரப்பர் டியூப் போட்ட சைக்கிளுக்கு வாரம் தவறாமல் காற்றடிக்க வேண்டியிருந்தது; பியூட்டைல் டியூப் மாதக்கணக்கில் விறைப்பாக நிற்கும். அதன் சங்கிலிகள் அவ்வளவு நெருக்கமாக அமைந்து, காற்றின் மூலக்கூறுகளுக்கே வழிவிடுவதில்லை. அசிட்டோன் போன்ற கீட்டோன்களையும், எஸ்டர்களையும், அடர் அமிலங்கள் பலவற்றையும் மணிக்கணக்கில் தடுக்கும். இராணுவங்கள் வேதி ஆயுதங்களுக்கு எதிராகப் பியூட்டைல் கையுறையைத்தான் தேர்ந்தன. இப்போது அந்தப் பஞ்சர் கடைக்காரர் டியூப்பை அரத்தால் உரசிவிட்டு, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவிடுவதைக் கவனியுங்கள். தடவிய இடத்தில் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். சொல்யூஷனில் இருப்பது பெட்ரோலிய வகைக் கரைப்பான். அதற்கு முன் பியூட்டைல் பணிந்துபோகிறது. டியூப்பின் பெருமையும் சிறுமையும் அந்த ஒரு கட்டை விரல் அகல இடத்திலேயே தெரிந்துவிடும்.

டொலுவீன், பென்சீன் போன்ற நறுமண ஹைட்ரோகார்பன்களுக்கு வைட்டான் எனும் ஃபுளோரின் ரப்பர் உண்டு. விலை கண்ணைக் கட்டும்; அசிட்டோன் பட்டால் அதுவும் உப்பிப்போகும். பாலிவினைல் ஆல்கஹால் கையுறை என்றும் ஒன்று இருக்கிறது. டைகுளோரோமீத்தேனையும் டொலுவீனையும் அது அபாரமாகத் தடுக்கும், ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கவிழ்ந்த லாரிக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது.

இந்த இக்கட்டுக்கு ஒரு வழி உணவுப் பொட்டலத் தொழிலிலிருந்து வந்தது. காபித்தூளின் மணம் போகாமலிருக்க, பாலிதீன் அடுக்குகளுக்கு நடுவே வேறொரு தடுப்புப் படலத்தை வைத்து ஒட்டுவார்கள். எத்திலீன் வினைல் ஆல்கஹால் அப்படிப்பட்ட ஒரு படலம். ஈரம் பட்டால் அது தளரும், அதனால் இருபுறமும் பாலிதீன் அதற்குக் குடைபிடிக்கிறது. எண்ணெய்ச் சுபாவம் உள்ளதை ஓர் அடுக்கு தடுக்கும், தண்ணீர்ச் சுபாவம் உள்ளதை இன்னோர் அடுக்கு தடுக்கும். இந்தப் பல்லடுக்குப் படலத்தில் செய்த கையுறை மிகப் பரவலான வேதிப்பொருள்களுக்கு நிற்கும். கையில் போட்டால் மட்டும் ரொட்டிக் கவருக்குள் கையை விட்டதுபோல் தொளதொளவென்றிருக்கும். ஒரு நட்டைக் கூடப் பிடித்துத் திருக முடியாது, முனை பட்டால் கிழியும். ஆகவே அதை உள்ளே போட்டு, மேலே நீளக் கைப்பட்டையுள்ள நைட்ரைல் அல்லது நியோப்ரின் கையுறையைப் போடுவது வழக்கம். வெட்டர்ஹானின் மரணத்துக்குப் பின் டைமெத்தில் மெர்குரியைத் தொடுவோருக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை சொன்னதும் இதே ஏற்பாட்டைத்தான்.

இவ்வளவும் தெரிந்த பின் 'கெமிக்கல் கிளவுஸ்' என்று கடையில் கேட்பதில் அர்த்தமில்லை என்பது விளங்கும். ஆனால் கொள்முதல் பட்டியல்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'கையுறை, ரசாயனம், ஜோடி 50'. எந்த ரசாயனம், எவ்வளவு நேரம் என்ற இரண்டு கட்டங்கள் அந்தப் படிவத்தில் இருப்பதேயில்லை. விபத்து நடந்த பிறகு வருகிற கேள்வியும் 'கையுறை கொடுத்தீர்களா?' என்பதோடு நின்றுவிடுகிறது. கொடுத்தோம் என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும்.

ஐரோப்பியத் தர விதியைப் பார்த்தால் இந்தப் பதிலின் மதிப்பு தெரியும். கூம்புக் குடுவைப் படம் போட்ட கையுறையை எல்லோரும் ரசாயனக் கையுறை என்று வாங்குகிறோம். 2016-இல் திருத்திய விதிப்படி அந்தப் படத்தை மூன்று வகைக் கையுறைகள் போட்டுக்கொள்ளலாம். முதல் வகை, பட்டியலிலுள்ள 18 வேதிப்பொருள்களில் ஆறுக்காவது 30 நிமிடம் தாங்க வேண்டும். இரண்டாம் வகை மூன்றுக்கு. மூன்றாம் வகை ஒரே ஒரு வேதிப்பொருளுக்குப் பத்து நிமிடம் நின்றால் போதும். மூன்றுக்கும் குடுவை ஒன்றுதான். படத்துக்கு அடியில் சிறிய எழுத்துகள் இருந்தால் எந்தெந்தச் சோதனையில் தேறியது என்று கண்டுபிடிக்கலாம். மூன்றாம் வகையில் எழுத்தே இருக்காது. தேறியது எதில் என்பதைவிட, எது சோதிக்கப்படவே இல்லை என்பதைத்தான் அங்கே படிக்க வேண்டும்.

கடக்கும் நேரம் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது முதல் மூலக்கூறு மறுபுறம் வந்த நேரம் அன்று. கசிவு ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்ட நேரம். ஐரோப்பியச் சோதனையில் அந்த வேகம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராம். அமெரிக்கச் சோதனையில் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரே கையுறைக்கும் ஒரே வேதிப்பொருளுக்கும் இரண்டு அட்டவணைகளில் இரண்டு நேரங்கள் வருவது இதனால்தான். விற்பனையாளர் எதைக் காட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று நம் நாட்டுக்கு மிக முக்கியம். ஐரோப்பியச் சோதனை 23 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. கையுறைக்குள் இருக்கும் கையின் சூடு 35-ஐ ஒட்டியிருக்கும். சென்னை மணலியில் சித்திரை வெயிலில் நிற்பவருக்கு வெளிப்புறமும் அதற்கு மேல். வெப்பம் ஏற ஏறப் பரவல் வேகமெடுக்கும், கடக்கும் நேரம் சுருங்கும். அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று இருப்பதை நான் அப்படியே ஒரு மணி நேரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல்லடுக்குக் கையுறை ஒன்றுக்கு '4எச்' என்று பெயர் வைத்தவர்கள் அதை 35 டிகிரியில் நான்கு மணி நேரம் என்ற கணக்கில் வைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கசிவு நடந்த இடத்தில் முதல் சிக்கல், கொட்டிக் கிடப்பது என்னவென்றே தெரியாதது. நெடுஞ்சாலையில் ரசாயன டேங்கர் லாரிக்குப் பின்னால் போகும்போது அதிலுள்ள அவசரத் தகவல் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நான்கு இலக்க ஐ.நா. எண், பொருளின் பெயர், அவசரத் தொலைபேசி எண், இவற்றோடு ஓர் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு. 1203 என்றால் பெட்ரோல். குறியீட்டிலுள்ள எழுத்து பி, ஆர், டபிள்யூ, எக்ஸ் என்பவற்றில் ஒன்றானால், நெருங்குபவர் உடல் முழுவதும் மூடும் ரசாயன உடை அணிய வேண்டும். எஸ், டி, ஒய், இசட் ஆனால் மூச்சுக்கருவியும் தீயணைப்பு உடையும் போதும். தீயணைப்பு வீரர் தூரத்தில் நின்றே படித்துவிட முடிகிற அருமையான ஏற்பாடு. ஆனால் முழு உடை என்று சொல்வதோடு பலகையின் வேலை முடிந்துவிடுகிறது. பியூட்டைலா வைட்டானா பல்லடுக்கா என்பதை ஐ.நா. எண்ணை வைத்து, கிடங்கில் முன்கூட்டியே தயாராக இருக்கும் அட்டவணையில்தான் தேட வேண்டும். அட்டவணையைக் கசிவு நடந்த இரவில் எழுத உட்கார முடியாது. கலவையாக இருந்தால் இன்னும் கஷ்டம்: இரண்டு கரைப்பான்கள் சேர்ந்தால், வேகமாகக் கடக்கும் ஒன்று ரப்பரை உப்ப வைத்து மற்றதற்கும் வழி திறந்துவிடும்.

உடை என்றால் துணி மட்டும் இல்லை என்பதை 1983-இல் கலிஃபோர்னியாவின் பெனிசியாவில் விலை கொடுத்துத்தான் கற்றார்கள். ரயில் டேங்கர் ஒன்றில் டைமெத்தில் அமீன் கசிந்தது. அதை அடைக்க முழு உடையோடு போனவர்களின் பாலிகார்பனேட் முகக்கண்ணாடி அந்த அமீன் பட்டு விரிசல் விட்டது. அமீன்களுக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஒத்துவராது என்பது வேதியியலருக்குத் தெரிந்த விஷயம்தான். கண்ணாடியை உடையின் ஒரு பகுதியாக யாரும் சோதித்திருக்கவில்லை. பிறகு அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் எழுதிய தர விதிகளில் கண்ணாடி, தையல், ஜிப், கையுறை சேரும் மணிக்கட்டு எல்லாமே சோதனைக்கு உள்ளாயின.

தையலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பல ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை முழு உடை தைக்கத் தொடங்கின. கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில் அந்தத் துணிகளைச் செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்திச் சோதித்தார்கள். ஊசி போட்ட ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டை. அதனால் தையலின் மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள். கிருமித் தொற்றுக்கு அது சரியான சோதனை. ஆனால் செயற்கை இரத்தம் என்பது தண்ணீர்தான், நிறமும் பிசுக்கும் சேர்ந்த தண்ணீர். அதில் தேறிய உடைக்கு டொலுவீனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்த வெள்ளை உடை நம் மனத்தில் பாதுகாப்பின் உருவமாகவே பதிந்துவிட்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தபோது, அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. காஸ்டிக் சோடாவும், கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. கரையொதுங்கிய மணிகளையும் கருகிய குப்பையையும் வெள்ளை முழு உடையணிந்த கடற்படையினர் வாரிக் குவித்த படங்கள் உலகமெங்கும் வந்தன. மணிகளுக்கும் தூசுக்கும் அந்த உடை பொருத்தமே, அதில் குறை சொல்ல மாட்டேன். அதே உடையோடு அடர் நைட்ரிக் அமிலத்தை நெருங்குவது வேறு. கையில் நைட்ரைல் இருந்தாலும் உதவாது. அடர் நைட்ரிக் அதை நிறம் மாற்றி இறுக்கி உடைத்துவிடும். அங்கே பியூட்டைல் வேண்டும்.

எண்ணூரில் நடந்தது இன்னும் எளிமையான கணக்கு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. உலைஎண்ணெய் கரையெங்கும் தாராகத் திரண்டது. வாளி வாளியாக மனிதர்கள் அள்ளினார்கள், பலர் வெறுங்கையோடு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியபோதும் மீனவர்கள் படகிலிருந்து குவளையால் மொண்டார்கள். உலைஎண்ணெயில் பல வளைய நறுமணச் சேர்மங்கள் உண்டு. அவற்றில் சில புற்றுநோய் தருபவை, தோல் வழியாகவும் ஏறுபவை. இதற்கு விண்வெளி வீரர் உடை எதுவும் தேவையில்லை. முழங்கை வரை வரும் தடித்த நைட்ரைல் கையுறை, நைட்ரைல் கலந்த பூட்ஸ், எண்ணெய் ஒட்டாத மேலங்கி. எண்ணெய் என்று தெரிந்த பிறகு தேர்வில் குழப்பமே கிடையாது. சாயந்தரம் கையிலுள்ள பிசுக்கை மண்ணெண்ணெயால் துடைத்துக் கழுவும் நம் வழக்கமோ, தோலின் சொந்த எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்து உரித்து எடுத்துவிடுகிறது.

அதிகமாகப் போர்த்துவதும் ஆபத்தில்லாமல் இல்லை. வாயு புகாத முழு உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. முதுகில் மூச்சுக்கருவியின் பாரம், சிலிண்டரில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காற்று. சென்னையின் ஈரவெக்கையில் ரசாயனத்துக்கு முன்னால் வெக்கையே ஆளைச் சாய்த்துவிடும். மயங்கியவரை உருவி எடுக்க இன்னும் இரண்டு பேர் அதே உடையோடு உள்ளே போக வேண்டும். கசிந்தது என்ன, எவ்வளவு, ஆவியா திரவமா என்று தெரிந்துகொண்டு உடையின் சுமையைக் குறைப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

கடைசியாக ஒரு காட்சி, எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். ஷிப்டு முடிந்ததும் கையுறையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார் ஒருவர். வெளிப்புறம் பளபளவென்று சுத்தம். ஆனால் பகலில் ரப்பருக்குள் கரைந்துபோன கரைப்பான் சோப்புக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க அது இரு திசையிலும் நகர்ந்துகொண்டே இருக்கும், பாதி வெளியே, பாதி உள்ளே. காலையில் அவர் வந்து, விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்து, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்வார்.